ரோடு போட 40 நாள், கலைக்க 50 நாள்: வெள்ளைக்கல் சுரங்கத்தில் நான் படித்த பாடம்

எங்களுடையது சின்னத் தொழில். கொண்டலாம்பட்டியில் வீடு, வாசலில் ஒரு ஜேசிபி, இரண்டு டிப்பர். சைட்டுக்குப் போவது வீட்டுக்காரர். டீசல் கணக்கு, பில், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் நான். பத்து வருஷம் அப்படித்தான் ஓடியது. கருப்பூர் பக்கம் ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்தில் ரோடு வேலை வந்தபோது அவருக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு வண்டியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்பர் இரண்டுக்கும் மாதத் தவணை நிற்கிறது, வந்த வேலையை விட மனசு வரவில்லை. "நான் பாத்துக்கறேன், நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கையெழுத்தில் போனது 4 லட்சத்து 85 ஆயிரம். முன்கூட்டியே யாராவது உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதிக்குமேல் மிஞ்சியிருக்கும்.

சேலத்துக்காரர்களுக்கு வெள்ளைக்கல் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேக்னசைட் என்பதைத்தான் நாங்கள் வெள்ளைக்கல் என்கிறோம். உலைகளுக்கு உள்ளே அடுக்குகிற, தீயைத் தாங்கும் செங்கல்லுக்கு இது போகிறது. டுனைட் என்ற பச்சை கலந்த கறுப்புப் பாறைக்குள் நரம்பு நரம்பாக வெள்ளையாக ஓடும். நரம்பை எடுக்க பாறையை உடைக்க வேண்டும், அதனால் கல்லைவிடக் கழிவுதான் மலைபோலக் குவியும். அந்தக் கழிவு இந்தக் கதையில் கடைசியில் வந்து என்னைக் கடித்தது, நினைவில் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிதான் முக்கியம். ஊராட்சி ரோட்டிலிருந்து குழியின் மேல்தட்டு வரைக்கும், அதிலிருந்து குழிக்குள்ளும் சேர்த்து 1,200 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலத்தில் பாதை போட 14 லட்சம். பிறகு 14 மாதம் பராமரிப்பு, மாதம் 35,000. மூன்றாவது வரி, வேலை முடிந்ததும் பாதையை அகற்றி நிலத்தை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். இந்த மூன்றாவதற்கு ரேட்டே இல்லை, 14 லட்சத்துக்குள் அடக்கம். நானும் படித்தேன். "ரெண்டு நாள் ஜேசிபி விட்டா ஆச்சு" என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். பாதையில் 350 மீட்டர் ஒரு விவசாயியின் பட்டா நிலத்தில் போகிறது, சுரங்கத்துக்காரர்கள் அதைக் குத்தகைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பதுகூட எனக்கு மார்க் பண்ண வந்த நாளில்தான் தெரியும். ரேட் எழுதாத வரி எந்த ஒப்பந்தத்தில் இருந்தாலும் அதற்கு நீங்களே ஒரு ரேட் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் அடி குழிக்குள் இறங்குகிற சரிவில் விழுந்தது. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 18 மீட்டர் உயரம். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் நேராக வெட்டிவிட்டார். 150 மீட்டர் நீளம்கூட வரவில்லை, பார்க்க அழகாக இருந்தது. ஒன்பதாம் நாள் சுரங்க மேனேஜர் வந்து நின்று பார்த்துவிட்டு, "இதுல லோடு வண்டி ஏத்தமுடியாதும்மா, மாத்துங்க" என்றார். சுரங்க விதிப்படி, தனியாக அனுமதி வாங்காமல் லோடு வண்டிப் பாதை 16-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அதாவது 16 மீட்டர் போனால் 1 மீட்டர்தான் ஏறலாம். சின்னத் துண்டு ஏற்றங்களில் மட்டும் 10-க்கு 1. நாங்கள் வெட்டியது 8-க்கு 1. 18 மீட்டர் உயரத்துக்கு 288 மீட்டர் நீளம் வேண்டும் என்பது அஞ்சாம் வகுப்புப் பெருக்கல். அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு வளைவு கொடுத்துத் திரும்ப வெட்டினோம், 85,000 போச்சு. கொத்தனார் வைத்திருக்கும் மட்டக் குழாயை, தண்ணீர் ஊற்றிய அந்த பிளாஸ்டிக் டியூபை, ஒரு நாள் வாடகைக்கு வாங்கிப் பத்து மீட்டருக்கு ஒருமுறை பிடித்திருந்தாலே தெரிந்திருக்கும். இப்போது என் டிப்பரில் எப்போதும் ஒன்று கிடக்கிறது.

அடுத்தது கிராவல் கணக்கு. இதில் நான் ஏமாந்தது எனக்கே கோபம், ஏனென்றால் கணக்குதான் என் வேலை. அடியில் கழிவுக்கல், அது சுரங்கத்திலேயே இலவசம். மேலே 15 சென்டிமீட்டர் கிராவல், உருளை ஓட்டி முடித்த பிறகு 15 நிற்க வேண்டும். 1,200-ஐ 7.5-ஆல் பெருக்கி 0.15-ஆல் பெருக்கினால் 1,350 கன மீட்டர், நம் கணக்கில் 477 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). யூனிட் 1,600 என்று விலை பேசி அதற்குத்தான் பணம் ஒதுக்கினேன். வண்டியில் வருவது உதிரி மண். உருளை ஏறினால் அமுங்கும். எங்கள் கிராவல் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கியது. ஆக 596 யூனிட் இறக்கினால்தான் 477 கிடைக்கும். 119 யூனிட் அதிகம், 1 லட்சத்து 90 ஆயிரம். உங்களுக்கு அளப்பது அமுங்கின பிறகா, லோடு கணக்கிலா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். அமுங்கின பிறகு என்றால், வாங்கும் கணக்கைக் கால் பங்கு கூட்டிப் போடுங்கள். இன்னொன்று, நடைச்சீட்டு (மண் கொண்டுபோக அரசு தரும் அனுமதிச் சீட்டு) இல்லாத லோடை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த 1,600-ஐ 1,100 ஆக்கித் தருகிறேன் என்று ஒருத்தர் வந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்தது.

களிமண் இடம் ஒன்று இருந்தது, 40 மீட்டர்தான். "தோண்டி எடுத்துட்டு கல்லு போடலாங்க்கா" என்று ஆபரேட்டர் சொன்னார். நான் மிச்சம் பிடிக்கிறேன் என்று மேலேயே கொட்டச் சொன்னேன். அந்த 40 மீட்டர் 14 மாதமும் என் காசைக் குடித்தது. அதைப் பற்றி மேலே எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

மழைக்கு வருகிறேன். நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இதில்தான். மலையிலிருந்து இறங்குகிற ஒரு ஓடையைப் பாதை குறுக்கே வெட்டுகிறது. பங்குனியில் பார்க்கும்போது அது ஓடையே இல்லை, நடுவில் உண்ணிச்செடியும் நாலு பிளாஸ்டிக் கவரும். தண்ணீர் அடியில் போக 600 மில்லிமீட்டர் ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்) ஒன்று போடச் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் 300 பைப் பழைய சைட்டில் எடுத்தது கிடந்தது. 300-ல் இரண்டு போட்டால் 600 ஆச்சே என்று இரண்டு வரிசை போட்டேன். சிரிக்காதீர்கள். இரண்டு பைப்பின் விட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டது தப்பு, தண்ணீர் போகிற வாயின் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். 600 பைப் ஒன்றுக்குச் சமமாக 300 பைப் நான்கு வேண்டும். நான் போட்டது பாதி. அதுவும் சின்ன பைப் என்றால் ஒரு கிளை வந்து குறுக்கே நின்றாலே போதும், அடைத்துக்கொள்ளும்.

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஏற்காடு பக்கம் கறுத்துக்கொண்டு நின்றது. கீழே எங்களுக்கு ஒரு சொட்டு இல்லை, வெயில்கூட அடித்தது. நான் வீட்டுக்கு வந்து அவருக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாட்ச்மேன் போன் பண்ணினார், "அக்கா, ரோட்டைக் காணோம்." எனக்குப் புரியவில்லை. திரும்பவும் அதையே சொன்னார். ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் ஓடை கரைபுரண்டு போகிறது, என் பாதை நடுவில் எட்டு மீட்டருக்குப் பள்ளம், அந்தப் பக்கம் எங்கள் டிப்பர் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பைப் இரண்டும் உருண்டு நிலத்துக்காரர் சோளக்காட்டில் கிடந்தன. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, வயிறுதான் கலக்கியது. வாட்ச்மேன் டீ வாங்கிவந்து கொடுத்தார். அதைக் குடித்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை. மறுநாள் காலையில் செவ்வாய்ப்பேட்டையில் என் சங்கிலியை வைத்துப் பணம் வாங்கினேன், வீட்டில் சொல்லவில்லை. 900 பைப், இரண்டு பக்கமும் கல் கட்டு, தண்ணீர் விழுகிற இடத்தில் பெரிய கல் பரப்பு, எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 35 ஆயிரம். விழுகிற இடத்தில் கல் பரப்பாவிட்டால் தண்ணீர் அங்கே குழி பறித்துப் பின்னோக்கி வந்து பைப்பையே சாய்த்துவிடும். இது எனக்குச் சொன்னது ஓடையோரம் மாடு மேய்க்கிற பாட்டி. அவரே, "வெள்ளம் எதுவரைக்கும் வரும்னு எங்கிட்டக் கேட்டிருக்கலாமே கண்ணு" என்றார். புளியமரத்து வேரில் பழைய வெள்ளக் கோடு இருந்ததைக் காட்டினார். நான் அதன் கீழே வண்டியை நிறுத்திவிட்டுத்தான் தினமும் வேலை பார்த்தேன்.

சேலத்தில் மழை என்றால் ஐப்பசி என்று நினைத்து வேலையைத் திட்டம் போடாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை ஒரு மணி நேரம் பெய்கிறதே, ரோட்டை அழிப்பது அதுதான். அதிலும் மலையடிவாரத்தில் உங்கள் தலைக்குமேல் வானம் எப்படி இருக்கிறது என்பது கணக்கே இல்லை, மலைமேல் எப்படி இருக்கிறது என்பதுதான்.

இன்னொரு சூட்சுமம், இதை எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லவில்லை. சரிவு ஓரத்தில் வண்டி உருண்டுவிடாமல் இருக்க மண்கரை போடச் சொல்வார்கள், சைட்டில் பண்டு என்பார்கள். போர்மேன் ஒரு மீட்டர் உயரம் கேட்டார், போட்டேன், இடைவெளியே இல்லாமல் நீளமாக, ஒழுங்காக. மழை பெய்தால் ரோட்டில் விழுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. இரண்டு கரைக்கு நடுவில் என் ரோடே வாய்க்காலாகிவிட்டது. நடுவில் இருந்த கிராவலை அரித்துக்கொண்டு கீழே குழிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு முப்பது மீட்டருக்கு ஒருமுறை கரையில் தண்ணீர் போகிற அளவுக்கு மட்டும் வாய் திறந்தோம், டயர் நுழையாத அகலத்தில். ரோட்டின் நடுவை ஓரத்தைவிட 11 சென்டிமீட்டர் உயர்த்தினோம். அதற்குப் பிறகு பராமரிப்புச் செலவு பாதியானது. குழி அடைப்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். குழியில் தண்ணீர் நிற்கும்போதே பெரிய கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அந்தக் கல் அசையாது, டயர் அதில் குதித்து இறங்கிப் பக்கத்தில் இன்னொரு குழியை உண்டாக்கும். தண்ணீரை வெட்டி விட்டு, ஓரத்தைச் சதுரமாகச் செதுக்கி, ரோட்டில் என்ன மண் இருக்கிறதோ அதையே போட்டு இடித்தால் நிற்கும்.

தை பிறந்ததும் தூசி. பக்கத்தில் ஒருவருக்கு மாந்தோப்பு, பூ எடுக்கிற சமயம். எங்கள் வண்டித் தூசி பூவில் படிந்து காய் பிடிக்கவில்லை என்று அவர் வந்து பாதையில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். அவர் பக்கமும் நியாயம்தான். 40,000 கொடுத்து எழுந்திருக்க வைத்தோம். தண்ணீர் லாரி வைத்திருந்தேன், உச்சிவெயிலில் ஒரே தடவை நிறைய அடித்துக்கொண்டிருந்தார்கள். அரை மணியில் காய்ந்துவிடும், காய்வதற்குள் ஏற்றத்தில் வண்டி வழுக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னும், மத்தியானம் மூன்று மணிக்கும் என்று லேசாகப் பிரித்து அடித்தால் அதே தண்ணீர் போதுமானதாக இருந்தது. டிரைவர்கள் வேகத்தைக் குறைத்தது அதைவிட உதவியது. ரோட்டில் அலை அலையாக வருவதும் வேகத்தால்தான்.

மாசியில் ஒரு வளைகாப்பில் எங்கள் சித்தப்பாவைப் பார்த்தேன். நெய்வேலியில் சுரங்கத்தில் ரோட்டை மட்டம் பண்ணுகிற கிரேடர் வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவர், இப்போது அம்மாபேட்டையில்தான் இருக்கிறார், என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். ஒரு வருஷமாக நான் படுகிற பாட்டை அவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. வெட்கம்தான், வேறென்ன. "ஏம் பாப்பா, அங்க நாங்க கரிய எடுக்கறதுக்கு முந்தி தண்ணியத்தான் எடுப்போம்" என்றார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது, ராத்திரி பகல் பம்ப் ஓடாவிட்டால் குழியே இருக்காது. நிலக்கரிச் சுரங்கங்களில் கரி கலந்த கழிவை ரோட்டுக்குப் போட்டால் உள்ளேயே சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும், அதனால் எந்தக் கழிவை எங்கே போடுகிறோம் என்று பார்த்துத்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், "உன் ரோட்டுக்கு அடியில என்ன போட்ட? மேல்மண்ண எங்க வச்சிருக்க?"

மேல்மண்ணை எங்கேயும் வைக்கவில்லை. பாதை வெட்டும்போது வழித்த அந்தக் கறுத்த மண்ணைத்தான் பண்டு போடவும் பள்ளம் தூர்க்கவும் தள்ளிவிட்டேன். விவசாயியின் 350 மீட்டரிலும் அப்படித்தான். அதன்மேல் சுரங்கக் கழிவு.

டுனைட் மண்ணில் மெக்னீசியம் மிதமிஞ்சி இருக்கும், சுண்ணாம்புச் சத்து குறைவு. பயிர் அதில் சரியாக வராது. கழிவுக்கல் குவியல்கள் மேல் வருஷக்கணக்காகியும் சில செடிகளைத் தவிர எதுவும் பிடிக்காததை அந்த வழியாகப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அதை ஒரு சோளக்காட்டின் மேல் 350 மீட்டருக்குப் பரப்பியிருக்கிறேன், பிறகு "முன்பிருந்த நிலைக்கு" கொண்டுவர வேண்டும். நிலத்துக்காரப் பெரியவர் சண்டை போடவில்லை. சித்திரைக் கடைசியில் வந்து, "அம்மிணி, எனக்கு ஆடியில விதைக்கோணும்" என்று மட்டும் சொன்னார். அது சண்டையைவிட மோசம்.

வைகாசியில் ஆரம்பித்தோம். காய்ந்த நிலமாக இருக்கும்போது ரிப்பர் (நிலத்தைக் கீறுகிற இரும்புப் பல்) போடு, ஈரத்தில் போட்டால் பல் போன இடம் மட்டும் கீறி மற்றது அப்படியே இறுகிக் கிடக்கும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். முதலில் கிராவலையும் கழிவையும் சுரண்டி எடுத்துக் குழிக்கே திருப்பி அனுப்பினோம். பைப்பைப் பிடுங்கி ஓடையைப் பழைய அகலத்துக்குத் திறந்தோம். பிறகு ஹிட்டாச்சிக்கு ஒற்றைப் பல் மாட்டி, சரிவுக்குக் குறுக்காக, அரை மீட்டர் ஆழத்துக்குக் கீறினோம். 14 மாதம் லோடு வண்டி ஓடின நிலம் சிமெண்ட் மாதிரி, பல் இரண்டு தடவை உடைந்தது. சரிவோடு கீறினால் அந்தக் கோட்டிலேயே தண்ணீர் ஓடி அரித்துவிடும், குறுக்காகத்தான் கீற வேண்டும். அதன்மேல் மண். ரோடு, பண்டு, ஓரவாய்க்கால் எல்லாம் சேர்த்து 12 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். 15 சென்டிமீட்டர் மண் பரப்ப 223 யூனிட், யூனிட் 700. அதுவே 1 லட்சத்து 56 ஆயிரம். நான் முதல் நாள் வழித்துத் தள்ளிய அதே மண்ணின் விலை. அதை ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் ஓரமாகக் குவித்து, கொழிஞ்சி விதைத்து விட்டிருந்தால் மழையில் கரையாமல் அங்கேயே இருந்திருக்கும். கழிவு அள்ளின டீசல், ஹிட்டாச்சி வாடகை எல்லாம் சேர்த்து மொத்தம் 2 லட்சத்து 60 ஆயிரம்.

போனது எல்லாம் கூட்டினால் 7 லட்சத்து 10 ஆயிரம். வரவேண்டிய லாபம் என்று நான் எழுதி வைத்திருந்த 2 லட்சத்து 25 ஆயிரத்தைக் கழித்தால் முதலில் சொன்ன தொகை. என் பில்லில் அவர்கள் பிடித்து வைத்திருந்த 10 சதவீதம் கைக்கு வர இன்னும் ஏழு மாதம் ஆனது, நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்றார்கள். அப்படி ஒரு நிபந்தனை இருந்தால், வேலை தொடங்குமுன் அந்த நிலத்தை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, ஒரு கூடை மண்ணும் எடுத்து வைத்து, நிலத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. அவர் நல்லவராக இருந்ததால் தப்பித்தேன்.

அவர் ஆடியில் விதைத்தார். முதல் வருஷம் சோளம் போடவில்லை, தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுதார், ஜிப்சமும் கொஞ்சம் போட்டார். பாதை போன தடம் அடுத்த வருஷமும் தெரிந்தது, பயிர் அங்கே மட்டும் ஒரு சாண் குட்டை. இப்போதும் உழும்போது வெள்ளைக்கல் சில்லுகள் வருகின்றன. பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவார், "அம்மிணி, உம்பட கல்லு கெடக்குது." போன மாதம் டிப்பரை அனுப்பினேன். அரை லோடுகூடத் தேறவில்லை, டிரைவர் ஒரு மூட்டை நிலக்கடலையோடு திரும்பி வந்தார்.